பழமையான ஓர் இடத்தை வந்தவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

பழமையான ஓர் இடத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "நிறையப் படித்துவிட்டுத்தான் போகிறேன். ஆண்டு, அரசர், அளவு எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொல்கிறேன். ஆனால் பத்து நிமிடத்தில் கூட்டம் கலைய ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்தில் கட்டுக்கதை சொல்பவரைச் சுற்றித்தான் ஆட்கள் நிற்கிறார்கள். நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? தகவல் பலகைகள் எழுதும் பொறுப்பும் வந்திருக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்."

உங்கள் கேள்வியைப் படித்ததும் தோன்றியது ஒன்றுதான். நீங்கள் சொல்லிவிட்டுக் காட்டுகிறீர்கள். காட்டிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லும் விஷயங்களில் பாதி அப்படியே இருந்தாலும் கேட்பவர்கள் வேறு ஆட்களாகிவிடுவார்கள்.

வந்திருப்பவர் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். கையில் குழந்தை இருக்கலாம், திரும்பிப் போக வண்டி காத்திருக்கலாம். ஆண்டும் அரசர் பெயரும் அவருக்குத் தொலைபேசியிலேயே கிடைக்கும். தொலைபேசியில் கிடைக்காதது, அந்தக் கல்லுக்கு முன்னால் அவர் நேரில் நிற்கிறார் என்பது மட்டும்தான். நீங்கள் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அவர் கண்ணை அந்தக் கல்லின் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பாத வாக்கியம் எவ்வளவு சரியானதாக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டியது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிகளை மனத்தில் வைத்து ஃப்ரீமன் டில்டன் 1957இல் ஆறு கோட்பாடுகளை வகுத்தார். வெறும் தகவல் விளக்கமாகிவிடாது என்பது அவற்றில் ஒன்று. இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றுவரை அதற்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான தொடக்கம் எப்படி இருக்கும்? "இது பல்லவர் காலத்தைச் சேர்ந்தது, 7ஆம் நூற்றாண்டு, உலகின் மிகப் பெரிய புடைப்புச் சிற்பங்களுள் ஒன்று, 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது." எல்லாம் சரி. ஆனால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் படமெடுத்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். மாறாக, ஒன்றும் சொல்லாமல் அவர்களைப் பாறைக்கு நேரே நிறுத்தி, "மேலே இடப்பக்கம் ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார், கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். கண்கள் தேட ஆரம்பிக்கும். யாராவது ஒருவர் கை நீட்டுவார். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்கும் அந்தத் தவசியை எல்லோரும் பார்த்த பிறகு, "இதே போல நிற்கும் இன்னொருவர் இங்கே இருக்கிறார், அவர் மனிதரில்லை" என்று சொல்லுங்கள். வலப்பக்கம் யானைகளின் அருகே, பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கும் பூனையைக் கண்டுபிடிக்கும்போது குழந்தைகள் கத்திவிடுவார்கள். அதன் காலடியில் எலிகள். மேலே நடப்பது உண்மைத் தவம், கீழே நடப்பது பொய்த்தவம். சிற்பி இரண்டையும் ஒரே பாறையில் வைத்திருக்கிறார். இதை நீங்கள் விளக்கத் தேவையே இருக்காது, பார்த்தவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்போது அவர்களாகவே கேட்பார்கள்: யார் செய்தது, எப்போது, எதற்கு? நூற்றாண்டும் அரசர் பெயரும் அந்த இடத்தில்தான் வர வேண்டும். கேள்வி பிறந்த பிறகு வரும் தகவல் மனத்தில் தங்கும்.

மாமல்லபுரத்தை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சிற்பம் எதைக் காட்டுகிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவம் என்பது ஒரு கட்சி. ஊர் வழக்கிலும் அது அர்ச்சுனன் தபசுதான். கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரப் பகீரதன் செய்த தவம் என்பது மறு கட்சி. பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவு, அதற்குள் கைகூப்பியபடி மேலேறும் நாகர்கள், மேலே தண்ணீர் தேக்கி விட்டதற்கான அடையாளங்கள், கீழே ஆற்றங்கரையில் துணி பிழிபவர், குடம் சுமப்பவர் என்று அவர்கள் சான்று காட்டுகிறார்கள். இரண்டு பொருளும் படும்படி, சிலேடைபோல, வேண்டுமென்றே செதுக்கியிருக்கிறார்கள் என்பவர்களும் உண்டு.

பல வழிகாட்டிகள் இதில் ஒன்றைத் தேர்ந்து முடிந்த முடிவாகச் சொல்லிவிடுகிறார்கள். "தெரியவில்லை" என்றால் மதிப்புக் குறையும் என்ற பயம். என் அனுபவம் நேர் எதிர். "இரண்டு கதை இருக்கிறது, இரண்டுக்கும் சான்று இந்தப் பாறையிலேயே இருக்கிறது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டால் கூட்டம் பாறையை விட்டு நகராது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கட்சி எடுத்து வாதாடுவார்கள். அந்த வாதத்துக்காக அவர்கள் நாகரையும் குடத்தையும் பார்ப்பதுபோல வேறு எதற்காகவும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எல்லாவற்றையும் "இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள்" என்று விட்டுவிடுவது நேர்மை ஆகாது. ஆப்பிரிக்காவில் மாபெரும் ஜிம்பாப்வே என்ற கல் நகரம் இருக்கிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய சுவர்கள், சில இடங்களில் சுமார் 11 மீட்டர் உயரம். ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது. 1905இல் ராண்டல் மெக்ஐவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழ்ந்து பார்த்து, ஆப்பிரிக்கர்களே கட்டியது என்று நிறுவிவிட்டார்கள். ஆனாலும் அன்றைய ரொடீசியாவின் வெள்ளையர் அரசு, 1970கள் வரையிலும், வழிகாட்டி நூல்களிலும் காட்சிக்கூடங்களிலும் அதை உறுதியாகச் சொல்லவிடாமல் அழுத்தம் கொடுத்தது. வெளியிலிருந்து வந்த யாரோ கட்டியிருக்கலாம் என்ற கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது அதன் விருப்பம். சான்று இல்லாத ஒரு பக்கத்தைச் சான்றுள்ள பக்கத்துக்குச் சமமாக நிறுத்துவதும் பொய்தான். அந்தப் பொய் ஒரு மக்கள் கூட்டத்தின் கையிலிருந்து அவர்கள் கட்டியதையே பிடுங்கப் பார்த்தது. 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்த இடத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது என்பதிலிருந்து அந்தச் சுவர்கள் அவர்களுக்கு என்ன பொருள் தந்தன என்று புரிந்துகொள்ளலாம். ஆகவே இரண்டு கருத்து உண்டு என்று சொல்லும் முன், இரண்டுக்கும் சான்று உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுக்கதை சொல்பவரைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கதை கேட்க மனிதனுக்கு ஆசை, அந்த ஆசையை அவர் நிறைவேற்றுகிறார். நீங்கள் செய்ய வேண்டியது, அதே ஆசையை உண்மையைக் கொண்டு நிறைவேற்றுவது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லிச் சொல்லியே தலைமுறைகள் கடந்துவிட்டன. காலையிலோ மாலையிலோ போய் நின்றால் நிழல் தரையில் நீண்டு கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான். அது பல துண்டுகளைப் பொருத்திச் செய்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வெறுமனே "அது பொய்" என்று சொல்லி நிறுத்தினால், ஆசையோடு வந்தவர் கையில் இருந்ததைப் பறித்தவராகிவிடுவீர்கள். அதைவிடப் பெரிய ஒன்றைக் கொடுங்கள். பெரிய கோயிலில் அதற்குப் பஞ்சமே இல்லை. காவிரி வண்டல் படிந்த அந்தச் சமவெளியில் கட்டடக் கல் கிடையாது. சுமார் 60 மீட்டர் உயரம் எழும் அந்த விமானத்தின் கற்கள் முழுக்க வேறு இடத்திலிருந்து வர வேண்டியிருந்தது. பிறகு சுவரில் இருக்கும் கல்வெட்டைக் காட்டுங்கள். தான் கொடுத்ததையும் தன் அக்கன் கொடுத்ததையும் தன் பெண்டுகள் கொடுத்ததையும் மற்றும் கொடுத்தார் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். அக்கா குந்தவைக்கு அடுத்து மனைவிமார், அவர்களுக்கு அடுத்து பேர் தெரியாத மற்றவர்கள் வரை ஒரே ஆணையில் வருகிறார்கள். இன்னொரு பக்கம் கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த நானூறு பெண்கள் பெயரோடும் வீட்டோடும் உங்கள் எதிரில் கல்லில் நிற்கிறார்கள். அவர்களில் நான்கு பெயரை நிதானமாக, உரக்கப் படித்துப் பாருங்கள். விழாத நிழலைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறோம் என்று நாம் நம்பும்போதும் கதை நம்மை ஏமாற்றிவிடக்கூடும் என்பதற்கு பாம்பேயி நகரமே சாட்சி. இத்தாலியில், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம். மடிந்தவர்களின் உடல் மக்கிப்போன பிறகு, இறுகிய சாம்பலில் அவர்களின் வடிவம் வெற்றிடமாக நின்றது. 1863இல் ஜூசெப்பே ஃபியோரெல்லி அந்த வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றி உருவங்களை எடுத்தார். பின்னாளில் அதே முறையில் ஒரு வீட்டில் எடுத்த உருவம் ஒன்று, கையில் கனத்த பொன் காப்பு, பக்கத்தில் ஒரு குழந்தை. காப்பும் குழந்தையும் இருந்ததால் அவரைத் தாய் என்று வைத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகளாக அந்தத் தாயின் கதை சொல்லப்பட்டது, கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, அவர் ஆண் என்றும் அந்தக் குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை என்றும் காட்டியது. கதை சிறிதும் குறைந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் படுவது. கடைசி நேரத்தில் தன் பிள்ளையல்லாத ஒரு குழந்தையின் அருகில் பொன் காப்பு அணிந்த ஓர் ஆண் இருந்தான். அவன் யார்? பொருள் சொல்வதை மட்டும் சொல்லுங்கள், அது சொல்லாததை நிரப்பும் வேலையைக் கேட்பவரிடம் விடுங்கள். "தாய்" என்று சொல்வதற்குப் பதில் "பொன் காப்பு அணிந்த ஒருவர்" என்று சொல்லியிருந்தால் எந்த ஆய்வும் அந்த வழிகாட்டியைத் திருத்த வேண்டி வந்திருக்காது.

அதே பாம்பேயியில் கேள்வி கேட்கும் கலையைப் பழகவும் நல்ல இடம் உண்டு. தெருவின் குறுக்கே, நடைமேடை உயரத்துக்கு, பெரிய கற்கள் இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் வண்டிச் சக்கரம் அரைத்த தடம் கல்லில் ஆழமாகத் தெரியும். "நடுத்தெருவில் ஏன் இந்தக் கற்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொள்வதுதான் கஷ்டம். சிலர் பத்து விநாடிகூடப் பொறுக்காமல் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். பொறுத்தால், தெருவில் தண்ணீரும் கழிவும் ஓடியிருக்கும், கால் நனையாமல் கடக்க வைத்த கல் என்று ஒருவர் சொல்வார், இடைவெளி சக்கரம் போவதற்கு என்று இன்னொருவர் சொல்வார். கண்ணெதிரில் இருப்பதைப் பார்த்தே பதில் கண்டுபிடிக்க முடிகிற கேள்வியைத்தான் கேட்க வேண்டும். "இதைக் கட்டிய அரசர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்பது பரீட்சை. தெரியாதவர் கூசிப்போய்ப் பின்வரிசைக்குப் போய்விடுவார், பிறகு அவர் வாயே திறக்க மாட்டார்.

யார் சொல்கிறார்கள் என்பதும் விளக்கத்தின் ஒரு பகுதி. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையை அங்கே கைதிகளாக இருந்தவர்களே சுற்றிக் காட்டினார்கள். நெல்சன் மண்டேலா தம் 27 சிறை ஆண்டுகளில் 18 ஆண்டுகள் இருந்த இடம் அது. கைதிகள் வெட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வாயிலில் ஒரு சிறு கற்குவியல் உண்டு. 1995இல் பழைய கைதிகள் அங்கே கூடியபோது மண்டேலா ஒரு கல்லை எடுத்து வைக்க, மற்றவர்களும் ஆளுக்கொரு கல் வைத்தார்கள், அதுவே குவியலாயிற்று. எந்தப் பலகையும் சொல்ல முடியாததை அந்தக் குவியலின் முன் நின்று பழைய கைதி சொல்லிவிடுவார். உங்கள் இடத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அங்கே தலைமுறையாக வேலை செய்தவர், கல் தச்சர், பக்கத்தில் குடியிருப்பவர், பூசை செய்பவர். அவர்களை நீங்கள் பேசவைக்க வேண்டும், அவர்களுக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடக் கூடாது.

சொல்லக் கூடாததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை 1985இல் அந்த மண்ணின் பழங்குடியினரான அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஏறாதீர்கள் என்று அவர்கள் பல ஆண்டுகள் வேண்டுகோளாகக் கேட்டுக்கொண்டார்கள். 2019 அக்டோபர் 26ஆம் தேதி ஏறுவது முழுமையாக நிறுத்தப்பட்டது. பாறையின் சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கிறது. அவற்றின் முழுக் கதையும் வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை. "இந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு, அது இந்த மக்களுக்குரியது, உங்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்பதே முழுமையான விளக்கம்தான். அதைக் கேட்டவர் குறை சொல்லிப் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்துபோவார்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரே ஒரு சொல். பெரியவர்களுக்குச் சொல்வதைச் சுருக்கிக் குழந்தைகளுக்குச் சொல்லக் கூடாது, அதற்கு வேறு வழியே வேண்டும் என்பதும் டில்டனின் ஆறில் ஒன்று. அவர்கள் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நீங்கள் கவனிக்காத சிற்பங்கள் சுவரின் அடிப்பகுதியில் எத்தனையோ இருக்கும், அவையெல்லாம் அவர்களுடையவை.

நிற்கும் முறையைச் சொல்ல விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் நல்ல விளக்கம் பல இடங்களில் இதனால்தான் வீணாகிறது. வெயில் உங்கள் முகத்தில் படட்டும், அவர்கள் முகத்தில் படக் கூடாது. சிற்பத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். நடந்துகொண்டே பேசாதீர்கள், முன்னால் வரும் நான்கு பேருக்குத்தான் கேட்கும். கடைசியாக வருபவர் வந்து சேர்ந்த பிறகு வாயைத் திறங்கள். கடைசியாக வருபவர் பெரும்பாலும் மூட்டுவலி உள்ள முதியவர், அவருக்காகவே நிழலும் உட்காரும் இடமும் உள்ள நிறுத்தங்களாகத் தேர்ந்துகொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும், கழிப்பறை எங்கே, படி எத்தனை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கவலை மனத்தில் இருக்கும்வரை எந்த அரசனும் உள்ளே நுழைய முடியாது. பார்வையற்றவர் வந்தால், தொடக்கூடிய மாதிரி உருவம் ஒன்றாவது கையில் வைத்திருங்கள். இல்லையென்றால், சேதமாகாத வெறும் கல்தளத்தில், சுற்றுச்சுவரின் அடுக்கில் அவர் கையை வைக்க வழி செய்யலாமா என்று பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இனி பலகை. பலகையைப் படிப்பவர் நின்றுகொண்டு படிக்கிறார், பெரும்பாலும் அரை மனத்தோடு. ஐம்பது, அறுபது சொற்களுக்கு மேல் போனால் முதல் வரியோடு விட்டுவிடுவார். ஆகவே முதல் வரி அவர் எதிரில் இருப்பதைப் பற்றியதாக இருக்க வேண்டும். "இந்நினைவுச்சின்னம் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகும்" என்று தொடங்காமல், "இந்தத் தூணின் அடியில் உளி பாதியில் நின்றுவிட்டதைப் பாருங்கள்" என்று தொடங்குங்கள். நூற்றாண்டு மூன்றாவது வரியில் வரட்டும். "காணத்தக்கதாகும்", "எழில்மிகு", "கலைநயம் மிக்க" போன்ற சொற்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். அழகு என்று பலகை சொன்னால் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். எப்படி இருந்திருக்கும் என்று படம் வரைந்து வைப்பதானால், எது கிடைத்த சான்று, எது ஊகம் என்பது படத்திலேயே வேறு நிறத்தில் தெரிய வேண்டும். நினைவுச்சின்னங்களுக்கும் தலங்களுக்குமான பன்னாட்டுக் குழுவான இகோமோஸ் 2008இல் ஏற்ற சாசனமும், மீட்டுருவாக்கப் படங்கள் எந்தச் சான்றை வைத்து வரையப்பட்டன என்பதைப் பதிவு செய்து, வேறு வகையில் இருந்திருக்க இடமிருந்தால் அதையும் காட்டச் சொல்கிறது.

பலகையை நடும் இடம் எழுதுவதைவிட முக்கியம். கண் பலகையிலிருந்து நிமிர்ந்தால் நேரே அந்தத் தூணில் விழ வேண்டும். பலர் பலகையைப் படிக்கும்போது பொருளுக்கு முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பலகை நட்டவரின் பிழை. சிற்பத்தின் படத்துக்குள் பலகை வந்து விழாதபடியும், சக்கர நாற்காலியில் இருப்பவர் படிக்கும் உயரத்திலும் அது இருக்க வேண்டும்.

உலோகத்தில் அச்சடிக்கும் முன் காகிதத்தில் அச்சடித்து அதே இடத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு வாரம் தள்ளி நின்று கவனியுங்கள். படித்தவர் தலையை நிமிர்த்தி எதையாவது தேடுகிறாரா, பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டுக் கைகாட்டுகிறாரா என்று பாருங்கள். யாரும் நிமிரவில்லை என்றால் முதல் வரியை மாற்றி மறுபடி ஒட்டுங்கள்.